அறத்தொடு நிற்றல்: தாயன்பின் எல்லை

பருவ வயதுப் பிள்ளையின் மனம் யாரை நாடுகிறது, தன்னை ஆணென உணர்கிறதா பெண்ணென உணர்கிறதா என்பதைத் தாய் தீர்மானிக்க முடியுமா? பெற்றுப் பாலூட்டி வளர்த்தவளுக்குப் பிள்ளையின் உள்ளத்தின் மேலும் உரிமை உண்டு என்பது ஒரு தரப்பு. ஒவ்வோர் உயிரும் தனி, பெற்றவள் அது உலகுக்கு வரும் வாயில் என்பது மறுதரப்பு. இந்த வழக்கு சங்கப் பாடல்களில் நடந்திருக்கிறது. புராணத்திலும் நீதிமன்றத்திலும் நடந்திருக்கிறது. இன்று நகைச்சுவைப் படங்களிலும் நடக்கிறது.

பிரான்சில் 2013-இல் கியோம் கலியேன் எடுத்த நகைச்சுவைப் படம், அடுத்த ஆண்டு செசார் விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. தன் வாழ்க்கையை முதலில் மேடை நாடகமாகவும் பிறகு படமாகவும் ஆக்கிய கலியேன், தன் வேடத்தையும் தாயின் வேடத்தையும் தானே ஏற்றார். மற்ற மகன்களைப் ‘பையன்களே’ என்றும் கியோமை மட்டும் தனியே பெயர் சொல்லியும் தாய் சாப்பிடக் கூப்பிடுகிறாள். இவன் பெண் போன்றவன், ஆண்களைத்தான் விரும்புவான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். வீடு அதை நம்புகிறது. தாயை உயிராய் நேசிக்கும் அவனும் நம்புகிறான். வளர்ந்தபின் அவன் ஒரு பெண்ணைக் காதலிக்கும்போது தாய் தடுமாறிப்போகிறாள். அவள் கணிப்பு எந்தப் பக்கம் இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. பிள்ளை வாய் திறக்குமுன் அவனுக்காக அவள் பேசிவிட்டாள். பிழை அங்கே தொடங்குகிறது.

இந்தியப் படங்களில் இதே ஆதிக்கம் எதிர்த்திசையில் ஓடுகிறது. 2020-இல் வந்த ‘ஷுப் மங்கல் ஜ்யாதா சாவ்தான்’ என்ற இந்தி நகைச்சுவைப் படத்தில், ஆணைக் காதலிக்கும் மகனைச் சடங்கு ஒன்றால் வேறு ஆளாக மாற்றிவிட முனைகிறது குடும்பம். ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் தமிழ்ப்படமான ‘காதல் என்பது பொதுவுடைமை’ 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் மகள் தன் துணையென்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்துவரும்போது, ரோகிணி ஏற்ற தாய்ப் பாத்திரம் நிலைகுலைகிறது.

சடங்கு செய்து பிள்ளையின் மனத்தை மாற்றலாம் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிந்து வாடும்போது, காதலே காரணம் என்பதை அறியாத தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று சொல்லப்பட, முருகன் பூசாரியான வேலன் வந்து வெறியாடுகிறான், ஆட்டுக்கிடாய் பலியாகிறது. நோய் எது, மருந்து எது என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். நற்றிணையின் 34-ஆம் பாடலில் தோழி முருகனையே பார்த்துப் பேசுகிறாள். இது உன்னால் வந்த நோயல்ல என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கிறாயே, தெய்வமேயானாலும் நீ அறியாதவன்தான் என்கிறாள். அந்தக் கேலியில் தெய்வ நிந்தனை இல்லை. நோயில்லாத இடத்தில் நோயைக் கண்டு மருந்து தேடும் அறியாமையே அங்கு நகைப்புக்கு உள்ளாகிறது.

அந்த மரபே விடுதலைக்கு வழியும் வைத்திருக்கிறது. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் முறையாக வெளிப்படுத்துவதை இலக்கணம் ‘அறத்தொடு நிற்றல்’ என்கிறது. மறைந்திருந்த உண்மையை வீட்டாரிடம் சொல்வது அடங்காமையாகவோ துரோகமாகவோ எண்ணப்படவில்லை, அறமாகவே எண்ணப்பட்டது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகை 9-ஆம் பாடல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. உடன்போன மகளைத் தேடிவரும் செவிலிக்கு வழியில் எதிர்ப்பட்ட அந்தணர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்குப் பயன்படுவதில்லை. முத்து கடலுக்கும், இசை யாழுக்கும் அப்படியே. எண்ணிப் பார்த்தால் உங்கள் மகளும் உங்களுக்கு அப்படித்தான் என்பது அவர்கள் வாதம். சங்க இலக்கியம் பாடியது ஆண் பெண் காதலைத்தான். ஆயினும் பிறப்பித்ததால் உடைமை உண்டாகாது என்று அது வகுத்த நெறி எந்தக் காதலுக்கும் பொருந்தும்.

மதுரையின் தலபுராணமும் இதே திசையில் நிற்கிறது. பிள்ளைவரம் வேண்டி வேள்வி செய்த மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் மூன்று தனங்களோடு பெண்மகவு தோன்றியது. பெற்றவர்கள் கலங்கினார்கள். மகனுக்குச் செய்யும் சடங்குகளையே இவளுக்கும் செய்து, தடாதகை என்று பெயரிட்டு முடிசூட்டுக என்றது அசரீரி. மகளின் உடலைத் திருத்தச் சொல்லவில்லை. அவளை அவளாகவே வளர்க்கச் சொன்னது. பின்னாளில் மகளின் திருமணத்தை எண்ணித் தாய் வருந்தியபோது, நடக்கும்போது அது நடக்கும் என்று தேற்றிவிட்டுத் தடாதகை திக்குவிசயம் புறப்பட்டாள். கதை இறுதியில் திருமணத்தில்தான் முடிகிறது. என்றாலும் காலமும் துணையும் தாயின் கவலையால் தீர்மானிக்கப்படவில்லை.

அதே மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று அளித்த தீர்ப்பு, ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தை இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்றது. இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமின்றி நடத்தப்படும் பாலின அறுவைச் சிகிச்சைகளையும் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதில் தடுத்தார். பெற்றோர் தரும் ஒப்புதல் குழந்தையின் ஒப்புதல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றில் இத்தகைய அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் தடை செய்தது.

2021-இல் வந்த வழக்கும் மதுரையிலிருந்து கிளம்பியதே. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்பால் சென்னைக்குச் சென்றார்கள். மகள்களைக் காணவில்லை என்று வீட்டார் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கும் இந்தப் பொருளில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். பெண்களும் பெற்றோரும் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’களைத் தடைசெய்தது. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அவற்றைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வேலனின் இடத்தில் மருத்துவர் அமர்ந்தாலும் அந்தச் சடங்கு செல்லாது என்பதே இவற்றின் பொருள்.

2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. வீட்டாரால் தடுத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணைத் தன் தோழியோடு செல்ல அனுமதித்தது நீதிமன்றம். மகள் மற்றவர்களைப் போல மணமுடித்து வாழவேண்டும் என்றே தாய் வேண்டினாள். எல்லாப் பெற்றோரும், தன் மகனின் பாலீர்ப்பை ஏற்றுக்கொண்ட நீதிபதி லீலா சேத்தைப் போல இருப்பதில்லை என்று குறிப்பிட்ட அமர்வு, திருமணம் ஒன்றே குடும்பத்துக்கு வழியல்ல என்றும் கூறியது.

தாயின் தரப்பிலும் நியாயம் உண்டு. மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஆனையூர் போன்ற புறநகரிலும் தெருவில் ஒருவரையொருவர் தெரியும். ‘நாலு பேரு என்ன சொல்லுவாக’ என்பது வெறும் பேச்சல்ல. வீடு வாடகைக்குக் கிடைப்பது, தங்கையின் சம்பந்தம், அப்பாவின் கடைக்கு வரும் ஆட்கள் எல்லாமே அந்த நாலு பேரைப் பொறுத்தவை. பதினெட்டு நிரம்பாத பிள்ளையைத் தீங்கிலிருந்து காக்கும் கடமையும் பெற்றோருக்கு உண்டு. யாரோடு பழகுகிறான், எங்கே போகிறாள் என்று கேட்பது அதில் அடங்கும். ஆனால் காத்தல் வேறு, மாற்றுதல் வேறு. பிள்ளையை ஊரின் பழிச்சொல்லிலிருந்து காக்கவேண்டிய தாய், அதே சொல்லை எடுத்துப் பிள்ளையின் மேல் வீசினால், காவல் என்ற கடமையை அவள் கைவிட்டவளாகிறாள். முருகனிடமும் மீனாட்சியிடமும் நேர்ந்துகொள்வதில் குற்றமில்லை. பிள்ளை நலமாக வாழ வேண்டலாம். பிள்ளை வேறொருவராக ஆக வேண்டுவது, படைத்தது தவறு என்று தெய்வத்திடமே சொல்வதாகும்.

உண்மையைச் சொல்லும் பிள்ளை அறத்தொடு நிற்கிறது. அதைப் பொறுமையாகக் கேட்டு, பக்கத்தில் நிற்கும் தாயும் அதே அறத்தில் நிற்கிறாள். தாயன்புக்கு எல்லை உண்டு என்று சொல்வது அந்த அன்பைக் குறைப்பதாகாது. எல்லையை அறிந்த அன்பிடம்தான் பிள்ளை மறைக்காமல் பேசும்.