மிதிவண்டி கொடுத்தவர் கடன்

மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டுமா என்னும் கேள்வி, மேலோட்டமாக நோக்குவோர்க்குப் போக்குவரத்துத் துறையின் சிறு கேள்வியாகத் தோன்றினாலும், ஒருவர் தம் உடலுக்கும் தம்மைச் சார்ந்தோர்க்கும் பட்டிருக்கும் கடன் யாது, அக்கடனை நினைவூட்டும் உரிமை அரசுக்கு எவ்வளவு என்பவற்றைத் தொடுவதால், அறநூலார் ஆராய வேண்டிய கேள்வியே ஆகும். இந்தியச் சட்டம் இதில் ஒரு விந்தையான நிலையில் நிற்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129-ஆம் பிரிவின் வழியே, மோட்டார் சைக்கிளில் செல்பவர் தலைக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் அக்கட்டாயத்தை நான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியதாக்கி, மீறுவோர்க்கு 1,000 ரூபாய் தண்டமும் மூன்று மாத ஓட்டுநர் உரிம நிறுத்தமும் விதித்தது. 2022-இல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதியோ, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்த்திச் செல்பவர், அக்குழந்தைக்குப் பொருந்தும் தலைக்கவசத்தையோ, குறிப்பிட்ட அயல்நாட்டுத் தரம் பெற்ற மிதிவண்டித் தலைக்கவசத்தையோ அணிவிக்க வேண்டும் என்கிறது. மோட்டாரில் ஏறும் குழந்தையின் தலையைக் காக்க மிதிவண்டித் தலைக்கவசத்தைத் தக்க கருவியென ஏற்றுக்கொண்ட சட்டம், அதே குழந்தை வளர்ந்து மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் செல்லும்போது, மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று என்ற காரணத்தால் வாய் திறவாது இருந்துவிடுகிறது.

சட்டத்தின் இம்மௌனம் தமிழ்நாட்டில் தனியொரு கனம் பெறுகிறது. தொலைவு காரணமாகப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்ற நன்னோக்கத்தோடு, 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கென மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவர் அனைவர்க்கும் உரியதாக விரிந்தது. முன்கூடையும் கேரியரும் மணியும் பூட்டும் பொருத்தப்பெற்ற வண்டி, விழா மேடையிலிருந்து மாணவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. தலைக்கவசம் மட்டும் அந்தக் கொடையில் இடம்பெறவில்லை. இந்தியச் சாலைகளில் 2022-இல் மட்டும் 1,68,491 பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் மிதிவண்டி ஓட்டியோர் 4,000-க்கும் மேற்பட்டோர் என்றும் நடுவண் அரசின் அறிக்கை கூறும் நாட்டில், இவ்விடுபாட்டைச் சிறு மறதி என்று தள்ளிவிட இயலாது. மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது அறத்தின்பாற்பட்ட கடமையே. ஓட்டுபவர் பிள்ளையாயின் அக்கடமை முதற்கண் வண்டி வாங்கிக் கொடுத்தவரையே சாரும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

தலைக்கவசம் என்பது மேலே மெல்லிய கடினமான ஓடும், உள்ளே தெர்மாகோல் என்று வழங்கும் விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன் அடுக்கும், தாடைக்குக் கீழே பூட்டும் பட்டையும் கொண்டது. தலை தரையில் மோதும்போது இவ்வடுக்கு நசுங்கி, தலை ஓய்வுக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சிறிது நீட்டுகிறது. அந்தச் சிறு நீட்டிப்பே மண்டையோட்டுக்குள் மூளை மோதிச் சிதையும் விசையைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கிய அடுக்கு மீளாது என்பதால், ஒரு மோதலைத் தாங்கிய கவசம் பார்வைக்குப் புதிதுபோல் இருப்பினும் மாற்றத்தக்கதே. இந்த அறிவு எளிதில் வந்ததன்று. 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்ட ஆங்கிலேய எழுத்தாளர் டி. இ. லாரன்ஸுக்கு மருத்துவம் பார்த்தோருள் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெயின்ஸ், அவ்விறப்பால் உந்தப்பட்டுத் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்கு அதைக் கட்டாயமாக்கியது. மிதிவண்டியைப் பொறுத்தவரை, ஜேக் ஒலிவியர், புருடென்ஸ் கிரெய்ட்டன் ஆகிய இருவரும் 40 ஆய்வுகளைத் தொகுத்து, காயமுற்ற 64,000-க்கும் மேற்பட்டோரைக் கணக்கில் கொண்டு செய்த மதிப்பீடு, கவசம் அணிந்தோர்க்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 விழுக்காடும், உயிர்போக்கும் தலைக்காயத்தின் வாய்ப்பு 65 விழுக்காடும் குறைந்திருந்ததாகக் காட்டுகிறது.

லாரி ஏறினால் தெர்மாகோல் என்ன செய்யும் என்று கேட்போர் உண்டு. ஒன்றும் செய்யாது என்பதே நேர்மையான விடை. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078-இன் சோதனையில் கவசம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிடப்பட்டு, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைக்கப்படுகிறதே அன்றி, அதன்மேல் லாரி ஏற்றப்படுவதில்லை. ஆயினும், ஊர்ப்புறத்து மாணவர் எவ்வாறு விழுகின்றனர் என்பதை அருகிருந்து நோக்கினால் இவ்வாதத்தின் குறை புலப்படும். மாநில நெடுஞ்சாலையின் தார் விளிம்புக்கும் அதையடுத்த மண் ஓரத்துக்கும் இடையே, மீண்டும் மீண்டும் தார் போட்டு உயர்த்தியதால், நான்கு விரல் ஆழத்துக்குப் படி விழுந்திருக்கும்; பின்னால் வரும் பேருந்து விடாமல் ஒலியெழுப்ப, இடப்புறம் ஒதுங்கும் வண்டியின் முன்சக்கரம் அப்படியில் இறங்கி, மீண்டும் தாரில் ஏற முயலும்போது விளிம்போடு உரசித் திரும்பாமல் நின்றுவிட, ஓட்டியவர் பக்கவாட்டில் சாய்ந்து, தோளுக்கு அடுத்துத் தலை தரையைத் தொடுகிறது. கேரியரில் தோழியும் கைப்பிடியில் புத்தகப் பையும் இருப்பின் வண்டியை நிலைப்படுத்துவது இன்னும் அரிது. வேகம் குறைந்த, உயரம் குறைந்த இத்தகைய வீழ்ச்சிக்காகவே அக்கவசம் ஆக்கப்பட்டது. காக்க இயலாத விபத்தைக் காட்டிக் காக்க இயலும் விபத்தைக் கைவிடச் சொல்வது வாதமாகாது.

தமிழ் அறநூல்கள் இவ்வகை முன்காப்பைப் பலவிடத்தும் வற்புறுத்துகின்றன. திருக்குறளின் குற்றங்கடிதல் அதிகாரம், தீங்கு வருமுன்னே காத்துக்கொள்ளாதவனுடைய வாழ்க்கை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போரின் கதியை அடையும் என்று எச்சரிக்கிறது. பொச்சாவாமை, அதாவது மறதியும் அசட்டையும் இல்லாதிருத்தல் என்னும் அதிகாரம், முன்னரே காவாது தவறியவன் பின்னர்த் தன் பிழையை எண்ணி வருந்த நேரும் என்கிறது. அறிவுடைமை அதிகாரமோ அறிவையே அழிவு வாராமல் காக்கும் கருவியாகக் காட்டி, அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருத்தல் பேதைமை என்றும் தெளிவுறுத்துகிறது. தலைக்கவசம் அணிதல் கோழைத்தனம் என்று கேலி பேசும் இளைஞர்க்கு இதனினும் நேரான மறுமொழி வேண்டுவதில்லை. உடலைப் பொய்யென்று பழிக்கும் துறவு மரபுக்குள்ளிருந்தே எழுந்த திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், உடம்பு அழிந்தால் உயிரும் அழியும் என்றும், உடம்பினுள் இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்தபின் அதனைப் பேணலானதாகவும் கூறுகிறார். தன் உடலைத் தான் பேணாமை தனக்கு மட்டும் செய்துகொள்ளும் குறையன்று, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒன்றைக் காவாத குறை என்பதே இவற்றின் பொதுக்கருத்தாகும்.

இதற்கு எதிராக நிறுத்தப்படும் கொள்கை தனிமனித விடுதலையாகும். பிறர்க்குத் தீங்கு நேராதவரை ஒருவர் தம் உடலைப் பற்றி எடுக்கும் முடிவில் அரசு தலையிடலாகாது என்று, 1859-இல் வெளிவந்த 'விடுதலை பற்றி' என்னும் நூலில் ஜான் ஸ்டுவர்ட் மில் வாதிட்டார். அவ்வாதத்தின் மதிப்பை மறுப்பதற்கில்லை. எனினும் மில் இக்கொள்கையைப் பகுத்தறியும் பருவம் எய்தியோர்க்கே உரியதாக்கிப் பிள்ளைகளை அதனின்று விலக்கினார்; பாதுகாப்பற்ற பாலத்தின் மேல் அறியாது கால்வைக்க முற்படுபவரை, எச்சரிக்க நேரமில்லாதபோது, பிடித்து நிறுத்துவது அவருடைய விடுதலையை மீறுவதாகாது என்றும் அவரே ஒப்பினார். அன்றியும், தலைக்காயத்தால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரைத் தூக்கிக் குளிப்பாட்டி உணவூட்டும் தாயோ மனைவியோ இருக்கும் வீட்டில், அது அவருடைய சொந்த விவகாரம் என்ற சொல்லுக்குப் பொருள் எவ்வளவு எஞ்சும் என்பதும் எண்ணத்தக்கது. பழக்கத்தை விடுதலை என்று பிறழ உணர்வதும் உண்டு. 1991-இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது தொழில்முறைப் பந்தய வீரர்கள் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வேலைநிறுத்தம் செய்து அதனைத் தடுத்தனர். 1995-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இத்தாலிய வீரர் ஃபாபியோ காசார்தெல்லி மாண்டார். 2003-இல் அதே பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் மாண்ட பின்னரே கட்டாயம் நிலைபெற்றது. இன்று கவசமின்றிப் பந்தயச் சாலையில் இறங்கும் வீரர் எவருமிலர். அவர்தம் விடுதலை குறைந்துவிட்டதென வருந்துவாரும் இலர்.

இன்னொரு தடையும் உண்டு. நெதர்லாந்தில் கவசம் அணிவோர் மிகச் சிலராயிருந்தும் மிதிவண்டிப் பயணம் பாதுகாப்பாகவே நிகழ்கிறது என்றும், 1990-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகில் முதன்முதலாகக் கட்டாயச் சட்டம் கொணர்ந்தபின் அங்கு மிதிவண்டி ஓட்டும் பதின்பருவத்தினர் தொகை குறைந்தது என்றும் கூறுவர். இரண்டும் உண்மையே. ஆனால் நெதர்லாந்தின் பாதுகாப்பு, மோட்டார்ப் பாதையினின்று பிரிக்கப்பட்ட மிதிவண்டிப் பாதைகளால் வந்தது. அத்தகைய பாதை அமைக்கப்படாத சாலையில் அதன் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, கோட்டையைக் கட்டாமலே காவலரை வீட்டுக்கு அனுப்புவதை ஒக்கும். சாலையைச் சீர்செய்வதும் பெரிய வண்டி ஓட்டுவோரை அடக்குவதும் முதன்மையான கடமைகள் என்பதில் ஐயமில்லை. திருவாரூர் வீதியில் தேரேறிச் சென்ற இளவரசனால் கன்று மாண்டபோது, குறுக்கே வந்தது கன்றின் பிழை எனத் தள்ளாமல், தேரோட்டிய தன் மகனையே பொறுப்பாளியாக்கிய மனுநீதிச் சோழனைப் பெரியபுராணம் போற்றுகிறது. அந்நீதியை மறவாத அரசு ஓட்டுநரையும் திருத்தும், மிதிவண்டி ஓட்டும் பிள்ளையின் தலையையும் காக்கும். ஒன்றைச் செய்யாமைக்கு மற்றொன்றைச் சாக்காக்காது.

கடமை இன்னதென்று தெளிந்தபின், அது எவரெவர்க்கு எவ்வளவு என்று பகுத்தல் வேண்டும். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் இளைஞன்பால் உள்ள கடனைப் பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டு தனித்தனியே வகுத்துரைக்கிறது; போருக்கு அனுப்பப்படுபவன் கையில் கருவியை வடித்துத் தருவது பிறர் கடனென அது கண்டதுபோல, நெடுஞ்சாலைக்கு அனுப்பப்படும் பிள்ளையின் தலைக்குக் கவசம் தருவதும் அனுப்புவோர் கடனே ஆகும். அரசின் பங்கு, மிதிவண்டியோடு தரமான கவசத்தையும் சேர்த்து வழங்குவதும், அதனை இந்நாட்டு வெயிலுக்கேற்பக் காற்றோட்டத் துளைகளோடு வடிவமைப்பிப்பதும் ஆகும். மாணவியர் இரட்டைச்சடை பின்னி மடித்து ரிப்பனால் கட்டும் முடிச்சு, கவசத்தின் பட்டைகள் வந்து கூடும் காதோரத்திலேயே அமைவதால், பட்டை அழுந்தி வலிக்கும். வலிக்கும் கவசம் இரண்டாம் நாளே முன்கூடைக்குள் போய்விடும். சடையணியைப் பற்றிய பள்ளி வழக்கத்தைச் சிறிது தளர்த்தினாலே தீரும் சிக்கல் இது. பள்ளியின் பங்கு, புருவத்துக்கு இரு விரல் மேலே கவசம் நேராக நிற்பதையும், பூட்டிய பட்டைக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் மட்டுமே நுழைவதையும் பார்த்துப் பழக்குவது. பெற்றோர் பங்கு, தாம் மோட்டார் சைக்கிளில் கவசமின்றிச் சென்றுகொண்டே பிள்ளைக்கு அறிவுரை கூறாதிருப்பது.

தண்டம் விதிக்கலாமா எனின், மிதிவண்டியைப் பொறுத்தவரை வேண்டியதில்லை. குற்றம் கடிதல் வேந்தன் தொழிலென்று செங்கோன்மை அதிகாரத்தில் ஒப்பிய வள்ளுவரே, வெருவந்தசெய்யாமை அதிகாரத்தில், கடுமையாக ஓங்கினாலும் மென்மையாகவே அடிக்க வேண்டும் என்று அளவு வகுத்தார். அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டி, கவசச் சட்டத்தின் தண்டம் வீடற்றோர்மீதும் கறுப்பினத்தோர்மீதும் மிகுதியாக விழுந்தமை கண்டு, 2022-இல் அச்சட்டத்தை நீக்கியது; அப்போதும் கவசம் அணிவதை அது ஊக்குவிக்கவே செய்தது. விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு செல்பவரிடமும், கூலி வேலைக்குச் செல்பவரிடமும் சாலையோரத்தில் மறித்துப் பணம் பறிப்பதால் அறம் வளராது. கொடுத்துப் பழக்குவதே இங்குத் தக்க வழி.

ஆகவே, அடுத்த கல்வியாண்டில் வழங்கப்படும் ஒவ்வொரு மிதிவண்டியின் கைப்பிடியிலும் ஒரு தலைக்கவசம் தொங்குமாறு செய்வது அரசின் கடன். அது தொங்கும் இடம் கைப்பிடியாக நின்றுவிடாமல் தலைக்கு ஏறுமாறு செய்வது ஆசிரியர், பெற்றோர் கடன். தம் பிள்ளைக்குச் சொந்தமாக வண்டி வாங்கித் தரும் வீட்டாரும், கடையில் மணிக்கும் கூடைக்கும் விலை பேசும் அந்நேரத்திலேயே, கவசத்தையும் கேட்டு வாங்கிப் பிள்ளைக்கு அணிவித்துப் பார்த்த பின்னரே வண்டியை வெளியே எடுப்பாராக.