பதில் வராத சஷ்டிகள்

போன வாரம் ஒரு தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "ஆறு மாசமா சஷ்டி விரதம் இருக்கேன் அண்ணா. வேலை கிடைக்கல. முருகன் கேக்குறாரா, இல்லையா?" உடனே "கந்தன் கைவிட மாட்டான், லேட் ஆனாலும் கொடுப்பான்"னு டைப் பண்ணி, அப்புறம் அழிச்சிட்டேன். எப்போ கொடுப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?

அப்போ ஞாபகம் வந்தது எம்83 என்கிற சுருள் கேலக்ஸி. நம்மிடமிருந்து சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தூரம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வி.எல்.ஏ. என்று ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கு. 25 மீட்டர் அகலமுள்ள 27 டிஷ்கள் ஒண்ணா சேர்ந்து வேலை செய்யும். 1980களின் ஆரம்பத்திலிருந்து 1998 வரை, சில வருஷத்துக்கு ஒரு தடவை, அதை இந்த கேலக்ஸி பக்கம் திருப்பி, அதே சின்னச் சின்னப் புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. வெடிச்ச நட்சத்திரங்களின் மிச்சம், புது நட்சத்திரங்கள் சூடாக்கின வாயு மேகம், இதுதான் அந்தப் புள்ளிகள்.

பல புள்ளிகள் பெருசா மாறவே இல்லை. 1957ல் வெடிச்சதா பதிவான நட்சத்திரம் 25 வருஷம் கழிச்சும் ரேடியோவில் தெரிஞ்சது. அப்புறம் மங்கிக்கிட்டே போச்சு. 1983ல் வெடிச்சது சீக்கிரமே அடங்கிடுச்சு. 1945ல் வெடிச்சதிலிருந்து ஒண்ணுமே கிடைக்கல.

ஒண்ணும் கிடைக்காதப்போ அவங்க என்ன எழுதுவாங்க தெரியுமா? "இல்லை"ன்னு எழுத மாட்டாங்க. "இருக்கு, நமக்குத்தான் தெரியல"ன்னும் எழுத மாட்டாங்க. "எங்க கருவிக்கு எட்டின வரை, இந்த அளவுக்கு மேல் சிக்னல் இல்லை" என்று எழுதுவாங்க. அவ்வளவுதான். பக்தர்கள் நாம இதுல கொஞ்சம் வீக். வேலை கிடைச்சா அருள், கிடைக்கலைன்னா சோதனைன்னு சொல்லிடுறோம். ரெண்டு பக்கமும் நாமே முருகனுக்காகப் பேசிடுறோம்.

அப்போ விரதம் ஒரு பரிசோதனையான்னு கேப்பீங்க. இல்லை. நட்சத்திரம் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை. முருகனிடம் நாம உரிமையோட கேக்குறோம், அந்த வித்தியாசம் பெருசு. அதனாலதான் அவன் மௌனம் வலிக்குது. ஆனா வலிக்குதுங்கிறதுக்காக அந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தம் கட்டி விடுறது நேர்மையான்னுதான் எனக்குக் கேள்வி.

கடைசியில தங்கச்சிக்கு இப்படி அனுப்பினேன்: "எனக்குத் தெரியலம்மா. ஆறு சஷ்டியும் இருந்தீங்க, பதில் தெரியல. அதை அப்படியே அவன்கிட்டயே சொல்லுங்க. அடுத்த சஷ்டி இருக்கணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, பயத்துல மட்டும் இருக்காதீங்க. வேலைக்கு அப்ளை பண்றதை நிறுத்தாதீங்க."

ப்ளூ டிக் வந்திருக்கு. பதில் இன்னும் வரல.