ஜன்னல் சீட்டு காலி

எங்கள் வேனில் 12 சீட்டு. காலை ஏழு இருபதுக்கு இரும்புலியூரில், பைபாஸ் வந்து ஜிஎஸ்டி சாலையோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு டீக்கடை வாசலில் ஏறினால் ஒன்பதுக்குள் சிறுசேரி சிப்காட்டில் இறக்கிவிடும். மாதச் சந்தா. பன்னிரண்டு பேருக்கும் கம்பெனி வேறு வேறு, பிழைப்பு மட்டும் ஒன்று. கோடு எழுதுகிறவர்கள், எழுதியதைச் சோதிக்கிறவர்கள், சோதித்ததில் தப்பு வந்தால் யார் எழுதியது என்று விசாரிக்கிறவர்கள்.

பெருங்களத்தூர் வருவதற்குள் யாராவது ஃபோனைப் பார்த்தபடி, "சேதி தெரியுமா?" என்பார்கள். அங்கிருந்து வண்டலூர் வரைக்கும் கச்சேரிதான். வண்டலூரில் இடது பக்கம் கேளம்பாக்கம் சாலையில் திரும்பியதும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஆக, உலகத் தொழில்நுட்பத்தின் அன்றாட நிலவரத்தை நாங்கள் அலசித் தீர்க்க எடுத்துக்கொள்வது அஞ்சாறு கிலோமீட்டர். நெரிசலைப் பொறுத்து அது கால் மணி நேரமாகவும் இருக்கும், முக்கால் மணி நேரமாகவும் இருக்கும்.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் பேசிய காணொளி வெளியானது. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்கிற தொனியில் பேசியிருந்தார். "ஜிஎஸ்டி ரோட்டுல நிக்கிறதையும் சேத்துக்கிட்டா நாம எப்பவோ தொண்ணூறுதான்" என்றது பின் சீட்டு. செப்டம்பரில் டிரம்ப் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் போட்டார். ரூபாயில் அப்போது 88 லட்சம். "அந்தக் காசுக்கு முடிச்சூர்ல அரை கிரவுண்டு வாங்கிப் போடலாம்" என்றார் ஒருவர். "மழை வந்தா அதுவும் கையில நிக்காது, விசா மாதிரியேதான்" என்றார் இன்னொருவர். அதே மாதக் கடைசியில் இதே ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிற ஜோஹோவின் 'அரட்டை' செயலி திடீரென்று நாடு முழுக்கப் பரவியது. "அரட்டை அடிக்காம படிடான்னு வளத்த எங்கம்மா, இப்ப அரட்டையப் போடுடான்னு உயிர வாங்குறாங்க."

இந்தக் கடைசி ஜோக் ஜன்னல் சீட்டு அண்ணன் சொன்னது. டெஸ்டிங்கில் இருபது வருஷத்தை நெருங்குகிற சர்வீஸ். ஐடி கார்டு நாடாவின் நிறம் போய், கம்பெனி பெயரே பாதிதான் தெரியும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேதான் அவருடையது வரும். அவர் சிரிக்க மாட்டார்.

எங்கள் தொழிலுக்குக் கிண்டல் அவசியம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ராத்திரி ரெண்டு மணி, சர்வர் படுத்துவிட்டது, ஒரே கான்ஃபரன்ஸ் காலில் இருபது பேர், யாரும் வாயைத் திறப்பதில்லை. அப்போது ஒருவன், "வெள்ளிக்கிழமை ப்ரொடக்‌ஷன்ல கைய வைக்காதன்னு எங்க பாட்டியே சொல்லும்" என்பான். இறுக்கம் விட்டுப்போய் விரல்கள் மறுபடி ஓட ஆரம்பிக்கும். 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமைதான். கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சரிசெய்ய, பெரும்பாலும் ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. எங்கள் மாடியில் மூன்று பேர் விடிகிற வரை அதைச் செய்தோம். அன்று ராத்திரி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாற்பதாவது மெஷினை எழுப்பும்போது ஒருவன், "பள்ளி எழுச்சி பாடுறதுக்கா பி.இ. படிச்சேன்?" என்றான். சிரித்தோம், ஆனால் கை நிற்கவில்லை.

2025 ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை டிசிஎஸ் சேதி வந்தது. ஆறு லட்சத்துப் பதிமூவாயிரம் பேரில் இரண்டு சதவீதம், அதாவது 12,000க்கு மேல் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள், நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள்தான் அதிகம் என்றது செய்தி. மறுநாள் வேனில் கச்சேரி வண்டலூர் தாண்டியும் நடந்தது. "ஜிஎஸ்டியே பதினெட்டு பர்சென்ட் கட்றோம், ரெண்டு பர்சென்டுக்கா அழுவுறது?" டிசிஎஸ்ஸில் புது விதி ஒன்றும் ஜூனில் வந்திருந்தது. வருஷத்தில் 225 நாள் பில் ஆகிற வேலையில் இருக்க வேண்டும், பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பது 35 நாளைத் தாண்டக் கூடாது. அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "ஸ்கூல்ல பெஞ்சு மேல ஏறி நில்லுன்னாங்க. இங்க பெஞ்சுல உக்காரவே கூடாதுங்கிறாங்க." டிரைவர் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிறுசேரியில் டிசிஎஸ்ஸின் பட்டாம்பூச்சி வடிவக் கட்டடம் கண்ணில் படுகிற வரைக்கும் சிரிப்பு ஓயவில்லை.

பன்னிரண்டாயிரம் என்றால் எங்கள் வேன் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் வேன். இந்தக் கணக்கை நான் வேனில் போடவில்லை. ராத்திரி படுத்த பிறகு போட்டேன்.

எங்கள் வேன் திரும்புகிற வண்டலூரில் திரும்பாமல் நேரே போனால் மறைமலை நகர். ஃபோர்டு ஆலை அங்கேதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அடுத்த வருஷம் மே கடைசியில் அந்த ஆலையின் தொழிலாளர்கள், போகிறவர்களுக்கு ஒழுங்கான இழப்பீடு வேண்டும் என்று மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது அத்தனையும் கிடைத்துவிடவில்லை, ஆலையும் ஜூலையோடு நின்றுபோனது. ஆனாலும் உட்கார்ந்தார்கள். எங்கள் டீக்கடை வாசலில் யூனிஃபார்மோடு நின்று அந்த ஆலைக்கு ஷிஃப்ட் பஸ் ஏறியவர்களிடம் கிண்டலுக்குக் குறைச்சல் இருந்ததாக நான் பார்த்ததில்லை. சூப்பர்வைசரைப் பற்றி அவர்கள் அடித்த கமென்டுகளில் பாதியை இங்கே எழுத முடியாது. கிண்டல் முடிந்த இடத்தில் அவர்கள் வேறு ஒன்றைத் தொடங்கினார்கள். நாங்கள் அடுத்த கிண்டலைத் தொடங்கினோம்.

ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. சங்கங்களும் இருக்கின்றன. வேனில் யாராவது உறுப்பினரா என்று ஒருமுறை கேட்டேன். "சங்கத்துல அப்ரைசல் உண்டா?" என்றது பின் சீட்டு. முதலில் சிரித்தவன் நான்தான்.

தீபாவளி கழிந்த அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வேன் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் எழுதினார்: "நாளை முதல் ஜன்னல் சீட்டு காலி. வெளியே பார்க்கத் தெரிந்தவர்கள் ரெஸ்யூமே அனுப்பவும். அனுபவம் தேவையில்லை."

கண்ணீர் வழியச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். ஒருவர், "ஏஐ உக்காருமா?" என்று கேட்டார். அதற்கும் நாலு முகங்கள்.

அதை நிஜமாகப் படித்தவர் டிரைவர் ஒருவர்தான். எங்கள் ஜோக்குகளில் அவர் கலந்துகொள்வதில்லை. அவருக்கு நாங்கள் பன்னிரண்டு சீட்டு, பன்னிரண்டு சந்தா. பத்து மணிக்குக் குழுவில் அவருடைய குரல் பதிவு வந்தது: "சார், நிஜமா வரலையா சார்? என்ன ஆச்சு? அட்வான்ஸ் எங்கிட்ட இருக்கு சார், அப்புறம் வாங்கிக்கங்க. உடம்பு நல்லாத்தான இருக்கு?"

அதன் பிறகு குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. பதினோரு பேரும் அந்தப் பதிவைக் கேட்டிருப்பார்கள் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் வேனில் அந்தச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. பையைக்கூட வைக்கவில்லை. ஃபோனைப் பார்த்து "சேதி தெரியுமா?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வண்டலூருக்கு முன்பே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சனிக்கிழமைதான் கூப்பிட்டேன். மூன்று நாள் எனக்கு வேண்டியிருந்தது, அதற்குச் சொல்லத் தகுந்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "அண்ணே, நான் ஜோக்குன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"ஜோக்குதானப்பா போட்டேன்" என்றார். "உன் பேருக்குப் பக்கத்துல அந்த அழுதுகிட்டே சிரிக்கிற மூஞ்சி இருந்துச்சு. பாதி கரெக்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன். பின்னால் குக்கர் விசில் கேட்டது, அவர் மகள் எதற்கோ கூப்பிட்டாள். ஹெச்ஆர் அறையில் இருபது நிமிடம்தானாம், எதிரே இருந்த பெண்ணுக்கு இது முதல் முறையாம், கை நடுங்கியதாம், இவர்தான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாராம். மூன்று மாதச் சம்பளம் தருகிறார்களாம். பெண்ணுக்கு இந்த வருஷம் பத்தாவது. இதையெல்லாம் பில்டு ரிப்போர்ட் சொல்கிற அதே குரலில் சொன்னார். இந்த முறை குறுக்கே நான் எதுவும் அடிக்கவில்லை. அவர் நிறுத்திய இடங்களில் எனக்கு நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

"உங்க பக்கம் டெஸ்டிங்ல எதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லு. சம்பளம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல."

"அனுப்புங்கண்ணே, நானே கொண்டு போய்க் குடுக்கறேன். திங்கக்கிழமை மேனேஜர்ட்டயும் பேசறேன்."

ஐந்து நிமிடத்தில் ஃபைல் வந்தது. பெயர்: 'ரெஸ்யூமே-ஃபைனல்-ஃபைனல்-3-இதான் ஃபைனல்'. என்னைச் சிரிக்க வைக்க வைத்த பெயரா, நிஜமாகவே நாலாவது முறையாகத் திருத்தி எழுதியதா என்று கேட்கவில்லை. அந்த முகத்தைத் தொடப்போன விரலை எடுத்துவிட்டு, ஃபைலைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.