கணக்குக் கேட்டால் கோபமா?

ஏற்காடு போயிருப்பீர்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏரி, படகு, லேடீஸ் சீட். அங்கே நின்று இருட்டியதும் கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது கொஞ்சம் மிளகும் கால் கிலோ காபித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். நம்முடைய ஏற்காடு அவ்வளவுதான். வழிநெடுக சில்வர் ஓக் மரங்களின் நிழலில் நிற்கிற காபிச் செடிகளை யாரும் கண்டுகொள்வதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. இன்று அங்கே பெரிய எஸ்டேட்டுகளும் உண்டு; ஒன்றிரண்டு ஏக்கரில் காபி வைத்திருக்கும் மலைவாழ் மக்களும் உண்டு.

அந்தச் செடிகளுக்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. காபியைவிட நம் வீட்டுக்குத்தான் அது அதிகம் பொருந்தும் என்பதால் சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் நீங்கள்தான் அந்தச் சின்ன விவசாயி. வருஷம் 1985 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலம், உங்கள் செடி. குளிரில் நடுங்கிக்கொண்டு பழம் பறித்தது உங்கள் வீட்டுப் பெண்கள். காயவைத்து மூட்டை கட்டியாயிற்று. வியாபாரியிடம் விற்கலாமா? கூடாது. வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சம் முழுவதையும் காபி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். 'பூல்' என்பார்கள். மீறினால் குற்றம்.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன் வந்தது? இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, காபி வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. தோட்டக்காரர்கள் திவாலாகாமல் இருக்க 1940-ல் அவசரச் சட்டம், 1942-ல் முழுச் சட்டம். எல்லார் காபியையும் ஒன்றாகச் சேர்த்து போர்டே விற்கும். வந்த பணத்தைப் பிரித்துக் கொடுக்கும். நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். போர் முடிந்த பிறகும் அரை நூற்றாண்டு நின்றது.

பணம் எப்படி வரும்? ஒப்படைத்ததும் ஒரு முதல் தவணை. காபி ஏலத்தில் விற்க விற்க இன்னொரு தவணை, இன்னும் ஒன்று. எல்லாம் விற்று, செலவு கழித்து, மிஞ்சியதைப் பங்கிட்டுக் கடைசிப் பட்டுவாடா. அதற்குள் அடுத்த அறுவடையே வந்துவிடும். இதற்கிடையில் நீங்கள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். 'போன வருஷம் இவ்வளவு வந்துச்சு, இந்த வருஷம் விலை நல்லா இருக்குன்னு பேசிக்கிறாங்க, எப்படியும் இவ்வளவு வரும்.' அந்தப் பணத்தை நம்பி மகளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்த்திருப்பீர்கள். கடைசிப் பட்டுவாடா வருகிறது. நினைத்ததில் பாதி.

இப்போது கேள்வி. உங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டதா?

அவசரப்பட்டு 'ஆமாம்' என்று சொல்லாதீர்கள். கடைசிப் பட்டுவாடா என்பது மிச்சம். மிச்சம் எவ்வளவு என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. உலக விலை பிரேசிலின் மழையையும் பனியையும் பார்த்து ஏறும், இறங்கும். 1989 ஜூலையில் உலக நாடுகள் தங்களுக்குள் வைத்திருந்த காபி ஒதுக்கீட்டு ஒப்பந்தம் முறிந்தபோது விலை மளமளவென்று சரிந்தது. 1991-ல், நம் காபியை நிறைய வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. அந்த நாட்களில் ஏற்காட்டு விவசாயிக்குப் பணம் குறைந்ததென்றால், யாரோ திருடினார்கள் என்று அர்த்தமில்லை. நம் எதிர்பார்ப்பு இன்னொருவர் நமக்குப் பட்ட கடன் ஆகிவிடாது.

சரி, அப்படியானால் விவசாயிக்குக் கேட்கவே உரிமை இல்லையா? இங்கேதான் அந்த 1942 சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காபியை ஒப்படைத்த பிறகு, பணம் பெறும் உரிமையைத் தவிர அதன் மேல் வேறு எந்த உரிமையும் விவசாயிக்கு இல்லை என்கிறது. அந்தப் பணமும் போர்டு தகுந்ததென்று நினைக்கும் நேரத்தில், தகுந்ததென்று நினைக்கும் அளவில். கூடவே ஓர் அருமையான விதியும் உண்டு: நூறு ரூபாய் மதிப்புள்ள காபி கொடுத்தவனுக்கு ஒரு பங்கு என்றால், இருநூறு ரூபாய் மதிப்புக்குக் கொடுத்தவனுக்குச் சரியாக இரண்டு பங்கு. எஸ்டேட் முதலாளியானாலும் ஒரு ஏக்கர்காரனானாலும் ஒரே விகிதம்.

கவனித்தீர்களா? பக்கத்துத் தோட்டக்காரனைவிட உங்களுக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதில் சட்டம் கறாராக இருந்தது. ஆனால், 'மொத்தமே ஏன் இவ்வளவுதான்? எத்தனை டன் என்ன விலைக்குப் போச்சு? கழிச்ச செலவு எதுக்கு?' என்று மலையில் ஒருவன் கேட்டால் அவனுக்குப் புரிகிற பதில் சொல்ல யாரும் கடமைப்படவில்லை. போர்டில் விவசாயிகளின் பிரதிநிதிகள் இருந்தார்கள், உண்மை. ஆங்கிலத்தில் ஆண்டறிக்கை அச்சானது, அதுவும் உண்மை. ஆனால் போர்டு இருந்தது பெங்களூரில். ஒரு ஏக்கர்காரனுக்கு அது இன்னொரு கிரகம்.

ஒப்படைத்த காபி யாருடையது என்பதே ஒரு கட்டத்தில் கோர்ட்டுக்குப் போயிற்று. கர்நாடக அரசு கொள்முதல் வரி கேட்டபோது, 'இது விற்பனையே அல்ல, சட்டம் கட்டாயப்படுத்துவதால் நடக்கும் ஒப்படைப்பு' என்றது போர்டு. 1988-ல் உச்ச நீதிமன்றம், கட்டாயம் இருந்தாலும் இது விற்பனைதான் என்று தீர்ப்புச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். சரக்கைக் கொடுக்கும்போது விலை தெரியாது, ஆள் மாற்ற முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அப்படி ஒரு விற்பனை!

இது ஏதோ நம்ம ஊர் விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் கோதுமைக்கு இதே போல ஒரு வாரியம் இருந்தது. அங்கேயும் முதல் தவணை, இடைத் தவணை, கடைசிப் பட்டுவாடாதான். மேற்கு மாகாண விவசாயிகள் தங்கள் தானியத்தைத் தாங்களே அமெரிக்க எல்லை தாண்டிக் கொண்டுபோய், அபராதம் கட்ட மறுத்து, 2002-ல் பதின்மூன்று பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 2012-ல் அந்தக் கட்டாயமே ரத்தானது. அதே நேரம், வாரியம் வேண்டும் என்று கடைசிவரை வாதாடிய விவசாயிகளும் அங்கே நிறைய பேர்.

இங்கேயும் பூல் மெல்ல மெல்லக் கரைந்தது. 1992-ல் முப்பது சதவீதம் வெளியே விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷம் ஐம்பது. 1994-ல் பிரேசிலில் பனி கொட்டி உலக விலை எகிறியபோது, வெளியே விற்ற மூட்டைக்கும் பூலில் கொடுத்த மூட்டைக்கும் உள்ள வித்தியாசம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 1995-ல் சிறு விவசாயிகளுக்கு முழு விடுதலை, 1996-ல் எல்லாருக்கும். யாரும் அழவில்லை.

அதற்குப் பிறகு? முதலில் நல்ல விலை. பிறகு 2001-ஐ ஒட்டிய வருஷங்களில் உலகம் முழுவதும் காபி விலை படுபாதாளத்துக்குப் போயிற்று. அப்போது ஏற்காட்டு விவசாயிக்கு வந்ததும் நினைத்ததைவிடக் குறைவுதான். ஆனால் ஒரு வித்தியாசம். இந்த முறை 'ஏன் குறைஞ்சது?' என்று கேட்க ஆளே இல்லை. வியாபாரி, 'இன்னைக்கு ரேட்டு இதுதான், வேணும்னா கொடுங்க' என்பார். அவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. சந்தைக்கு வாய் கிடையாது.

அதனால்தான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கணக்குக் கேட்பதைச் சந்தேகம் என்று நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

ஊரில் பூர்வீக நிலம். அண்ணன் பார்த்துக்கொள்கிறார். சென்னையில் இருக்கும் தம்பிக்கு வருஷத்துக்கு நாலு மூட்டை அரிசியும் கொஞ்சம் பணமும் வரும். ஒரு வருஷம் இரண்டு மூட்டைதான் வருகிறது. தம்பி போனில் தயங்கித் தயங்கி, 'ஏண்ணா, இந்தத் தடவை விளைச்சல் எப்படி?' என்கிறார். அண்ணன் சுருக்கென்று, 'என்னடா, என்னையே சந்தேகப்படுறியா?' அவ்வளவுதான். அதற்கப்புறம் தம்பி கேட்பதில்லை. அண்ணனும், பிரச்னை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்.

தீரவில்லை. கேட்பதை நிறுத்தியவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று யார் சொன்னது? அவர் மனசுக்குள் பாகப்பிரிவினை ஆரம்பமாகிவிட்டது. பத்து வருஷம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரும்போது அண்ணன் அதிர்ந்துபோவார். 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்பார். கேட்டாரே!

கணக்குக் கேட்கிறவர் இன்னும் உங்களோடு இருக்க விரும்புகிறவர். குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்கும், அதைச் சொன்னால் ஏற்றுக்கொண்டு போய்விடலாம் என்ற நம்பிக்கையோடுதான் வாயைத் திறக்கிறார். பணம் குறைந்த வருஷத்தைத் தாங்கிக்கொள்ள மனிதர்களால் முடியும். விவசாயிக்கு அது பழக்கமும்கூட. 'உனக்கெதுக்கு அது?' என்ற பதிலைத்தான் தாங்க முடிவதில்லை.

கேட்கிற பக்கத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. காட்டிய கணக்கை உட்கார்ந்து படிக்க வேண்டும். அதில் நியாயம் இருந்தால், நினைத்தது கிடைக்காவிட்டாலும் 'சரி' என்று சொல்லும் மனசு வேண்டும். எவ்வளவு காட்டினாலும் திருப்திப்படாதவருக்குக் கணக்கு தேவையில்லை, சண்டைதான் தேவை.

உங்கள் கையிலும் யாரோ ஒருவரின் மூட்டை இருக்கும். அபார்ட்மென்ட் சங்கத்துப் பணம், ஆபீஸில் பிரிவு உபசாரத்துக்கு வசூலித்தது, அம்மாவின் பென்ஷன், தங்கைக்குச் சேர வேண்டிய வாடகைப் பங்கு... ஏதாவது ஒன்று. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஒரு தாளை எடுத்து வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரமாகக் கொடுங்கள்.