வினை போய்ச் சேரும் இடம்

வினை சடம். தன்னைச் செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே பலனை உரியவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் வாதம். சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் அதை இறைவனின் ஆணையில் வைக்கிறது. மீமாம்சகர்களோ, செய்த செயலே ‘அபூர்வம்’ என்ற காணாத ஆற்றலாக நின்று தானே பலன் தந்துவிடும், நடுவில் ஆள் எதற்கு என்பார்கள். இந்த வழக்கில் நான் சித்தாந்தியின் கட்சி. மடத்தில் படித்து வந்த முடிவல்ல. சாலிகிராமத்தில் தேவாரமும் திருப்புகழும் பதிவு செய்கிற சின்னக் கூடமொன்றில், மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து வந்தது.

பல டிராக்குகளில் பதிவு செய்கிறவர்கள் போன செஷனின் அமைப்பைச் சேமித்து வைத்துப் புதுப் பாட்டுக்கு ஏற்றுவது வழக்கம். ஓதுவாருக்கு ஒரு சேனல், மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, தம்புரா, புல்லாங்குழல், பொதுவாக ஒரு ரிவெர்ப். எந்த மைக் எங்கே போகிறது, ஹெட்ஃபோனில் யாருக்கு என்ன கேட்கும் என்பதில் எனக்குத் தகராறே இல்லை. அதெல்லாம் சித்தாந்தம் சொல்லும் தனு, கரணம், புவனம்; அதாவது உடல், கருவி, உலகம். யார் வந்து பிறந்தாலும் வேண்டியவை.

தகராறு ஈக்யூவில், அதாவது எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதில். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்காக, மீட்டுச் சொல்லின் கார்வை நீண்டு குரலை மூடுகிறதென்று வலந்தலையில் 262 ஹெர்ட்ஸில் குறுகலாக ஒரு வெட்டுப் போட்டிருப்பேன். அடுத்து வருகிற அம்மா நாலு கட்டை. வேறு மிருதங்கம், வலந்தலை 349-க்குச் சேர்ந்திருக்கும். பழைய வெட்டு 262-லேயே நின்று, யாருக்கும் தொந்தரவு தராத ஒலியைத் தின்றுகொண்டிருக்கும். மீமாம்சகர் சொல்வது சரியென்றால் அந்த வெட்டு தானே கார்வையைத் தேடிப் போயிருக்க வேண்டும். எண் வந்தது, அது எதற்காகப் போடப்பட்டதோ அது வரவில்லை.

1980களில் எஸ்எஸ்எல் 4000 மேசையில் ‘டோட்டல் ரீகால்’ என்று ஒரு வசதி. பேருக்குத்தான் முழு ஞாபகம். பழைய நிலைகளைத் திரையில் காட்டும், அவ்வளவே. ஒவ்வொரு குமிழையும் ஆள்தான் கையால் திருப்பி அதற்குப் பொருத்த வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் திருப்பும்போது காது சும்மா இருக்காது. 1995-ல் வந்த யமஹா 02ஆர் போன்ற டிஜிட்டல் மிக்ஸர்களில் ஒரு பட்டனை அமுக்கினால் ஃபேடர்கள் மோட்டாரில் தாமே ஓடிப் பழைய இடத்தில் நின்றுவிடும். பார்க்க அழகு. ஆணையில்லாமல் வினை ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பார்க்கலாம்.

இங்கே பௌத்தர் ஒருவர் குறுக்கிடலாம். பாட்டு இருக்கட்டும், போன மாதம் பாடிய ஓதுவாரும் இன்று வந்திருப்பவரும் ஒருவரா? மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் காட்டிய விளக்குச் சுடர் போல, அதே சுடருமல்ல, வேறு சுடருமல்ல என்பார். ஜலதோஷத்தோடு வந்து நிற்கும் குரலைக் கேட்கையில் அவர் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் ஒரே ஆல்பத்தின் பத்துப் பாட்டிலும் குரல் ஒருவருடையதாகக் கேட்க வேண்டுமே. அதற்காக அமைப்பைக் கொண்டுபோகத்தான் வேண்டியிருக்கிறது. முன்பணம் வாங்கியவரும் மீதிக்கு வந்து நிற்பவரும் வேறு என்று ஓதுவாரிடம் சொல்லிப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை.

இத்தனையும் சொன்னபின் சேர்த்துவைக்கிற அறிவுள்ளவன் நான்தான் என்று மார்தட்டத் தோன்றும். அங்கேதான் சித்தாந்தம் இன்னும் கறார். ஆன்மாவும் அறிவித்தால்தான் அறியும் என்கிறது. உண்மைதான், சேமித்த அமைப்பை அழித்தாலும் ஆண் குரல் என்றதும் என் விரல் 300 ஹெர்ட்ஸுக்குப் போகிறது, கேட்பதற்கு முன்பே. அந்த டெம்ப்ளேட் கணினியில் இல்லை.

அதனால் முதல் டேக் முடிந்ததும் ஈக்யூ எல்லாவற்றையும் பைபாஸில் போட்டுவிட்டு, மிருதங்கக்காரரைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். எங்கே மூடுது, சொல்லுங்க அண்ணே என்றால், கண்ணை மூடிப் பதிகம் முழுக்கக் கேட்டுவிட்டு, பல நாள், “எங்கயும் மூடலையேப்பா” என்கிறார். அப்போதும் 300-க்கு என் விரல் அரிக்கத்தான் செய்கிறது.