திருத்துவதா, காப்பதா?

பழைய மோட்டார் கார்களுக்கு உயிர் கொடுக்கிறவர்களிடம் ஒரு தர்மசங்கடம் உண்டு. பொருளை முன்பு இருந்தபடியே ஆக்குவதா, இருந்திருக்க வேண்டியபடி ஆக்குவதா? பொழுதுபோக்குக்காரர்களின் கேள்வி என்று நான் ஒதுக்கியிருப்பேன். கிராஸ்லி காரின் கதை ஒதுக்க விடவில்லை.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் ரேடியோப் பெட்டி செய்து பணம் சேர்த்தவர் பவல் கிராஸ்லி. சாதாரணக் குடும்பத்தாரும் வாங்கக்கூடிய குட்டிக் கார் செய்ய ஆசைப்பட்டார். யுத்தம் முடிந்து 1946-இல் அவர் வெளியிட்ட காரின் எஞ்சின், லாயிட் டெய்லர் என்பவர் வகுத்த அதிசயம். மற்றவர்கள் கனத்த இரும்பை உருக்கி வார்த்தார்கள். இதுவோ மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆனது. துண்டு துண்டாகப் பொருத்தி, இணைப்புகளில் தாமிரம் வைத்து, உலையில் ஏற்றுவார்கள். தாமிரம் உருகி இடுக்குகளிலெல்லாம் ஓடி, அத்தனையையும் ஒரே உடம்பாக்கிவிடும். உபகரணங்கள் மாட்டுவதற்கு முன் எடை ஏறக்குறைய 60 ராத்தல்தான். சக்தி 26.5 குதிரை. யுத்த காலத்தில் ஜெனரேட்டர்களை ஓட்டிப் பெயர் வாங்கிய எஞ்சின் அது.

குடும்பக் காரில் வந்ததும் பெயர் கெட்டது. தாமிரமும் எஃகும் ஒரே தண்ணீரில் நனைந்து கிடந்தால், எஃகு அரிபடும். தகடோ ஏற்கெனவே மெல்லியது. சிலிண்டர் சுவரில் துளைகள் விழுந்தன. 1949-இல் கம்பெனியே வார்ப்பிரும்புக்கு மாறியது. பழைய கார் வைத்திருந்தவர்களில் பலரும் தகட்டு எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக் கொண்டார்கள். அதனால்தான் அது இன்று அபூர்வம்.

அந்த எஞ்சின் ஒருவர் கையில் துளைகளோடு கிடைக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வார்ப்பிரும்பை வைத்தால் கவலையில்லாமல் ஓடும். 'ஓடுவதல்லவா காரின் தர்மம்?' என்று கேட்பவரை என்னால் அலட்சியம் செய்ய முடியவில்லை. அன்று மாற்றிக் கொண்டவர்களையும் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று புதுப்பிப்பவருக்கு அந்த அவசரம் ஏது? அவர் மாற்றினால், ஒரு துணிச்சலையும் அது கண்ட தோல்வியையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார். கதை எழுதுகிறவனுக்கு இந்த ஆசை பழக்கமானது. மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவருடைய முன்கோபத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாமே என்று பேனா கெஞ்சும். கோபத்தோடு முகமும் போய்விடும் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே நான் தகட்டு எஞ்சினின் கட்சி. துளைகளை அடைக்கட்டும், அரிப்பைத் தடுக்க இன்று கிடைக்கும் மருந்தைத் தண்ணீரில் கலக்கட்டும். அது வைத்தியம், பொய் அல்ல. வார்ப்பிரும்பை உள்ளே வைத்துவிட்டு, '1946-ஆம் வருஷத்து அசல்' என்று பலகை மாட்டுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. தகட்டை வைத்துக் கொள்கிறவர் சிரமத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அடிக்கடி எஞ்சின் தண்ணீரைக் கொஞ்சம் கண்ணாடித் தம்ளரில் பிடித்து, துரு நிறம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெரிந்தால், மறுபடியும் கழற்ற வேண்டும்.