சூரைச்செடியின் கீழே

முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் நின்று ஜெபித்து, வானத்து அக்கினியைக் கண்ட அதே எலியா தீர்க்கதரிசிதான் இவர். இங்கே வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் வழி தனியே நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார்.

ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தேவதூதன் வந்து தொட்டு எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதையும் யாரும் குற்றமாக எண்ணவில்லை. தூதன் இரண்டாந்தரம் வந்து தொட்டு, போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆண்டவர் அவரிடம் கேள்வி கேட்கிறார்.

நம் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. மனச்சோர்வில் படுத்திருக்கும் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போகிறோம். பாயில் உட்காரும் முன்பே, "ஜெபம் பண்றியாம்மா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று யாரும் விசாரிப்பதில்லை. மாத்திரை சாப்பிடுவதை விசுவாசக் குறைவு என்றும் சொல்கிறோம். பவுலோடு கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர். பவுல் அவரைப் பிரியமானவர் என்றே எழுதியிருக்கிறார். இதை மறந்துவிட்டு நாம் பேசும் பேச்சு பலரை ஆலயத்திலிருந்தே விரட்டியிருக்கிறது என்பது என் துக்கம்.

ஸ்பர்ஜன் பிரசங்கியாரை உங்களுக்குத் தெரியும். 1856-இல் லண்டனில் அவர் பிரசங்கித்த அரங்கில், தீப்பிடித்துவிட்டதென்று யாரோ கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்தத் துயரம் அவரை நொறுக்கிப்போட்டது. பிற்காலத்திலும் மனச்சோர்வு அவரை விடவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. போதக மாணவர்களுக்கு முன்பாகவே பேசினார்.

88-ஆம் சங்கீதத்தையும் கவனியுங்கள். எஸ்ராகியனாகிய ஏமானின் பாடல் அது. அழுகையோடு தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் முடியும். இது இருளிலேயே முடிகிறது. இருந்தும் அதை ஒருவரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தை ஒட்டவைக்கவும் இல்லை. துதிக்க முடியாதவனின் கூப்பிடுதலும் ஜெபந்தான். ஏமான் தினமும் கையை விரித்து ஆண்டவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேதத்தைத் திறக்கவே கை வராத நாட்களில், அந்தச் சங்கீதத்தை வீட்டில் ஒருவர் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுராத்திரியானாலும் என் கதவைத் தட்டுங்கள், அல்லது 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.